கண்ணாடிக்குச் சாக்ஸ் மாட்டும் டீச்சர்

இடது பக்கத்துக் கண்ணாடிக்குச் சாம்பல் நிறச் சாக்ஸ். வலது பக்கத்துக்கு நீலக்கோடு போட்டது. டீச்சர் அவற்றைக் கண்ணாடியின் தலைவழியே இழுத்து மாட்டி, குழந்தைக்குக் குல்லாய் போட்டுவிடுவதுபோல ஓரத்தை மடித்துவிடுகிறார். பிறகு காருக்குள் குனிந்து, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இரண்டு சின்னக் கண்ணாடிகளின் மேலும் கைக்குட்டையைத் தொங்கவிடுகிறார். எல்லாம் முடிந்ததும் நிமிர்ந்து வாதுமை மரத்தைப் பார்த்து, "இப்ப வாதாடு, பாக்கலாம்" என்கிறார்.

மரத்திலிருந்து பதில் வருகிறது. நீளமாக ஒரு விசில், இடையில் ஒரு குழைவு, முடிவில் கேள்வி கேட்பதுபோல ஒரு தூக்கு. பாடுவது கறுப்பு வெள்ளையில் ஒரு பறவை. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. தலையும் மார்பும் எண்ணெய் தடவியது போன்ற கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் வெள்ளைப் பட்டை. வாலை எப்போதும் நிமிர்த்தியே வைத்திருக்கும். குண்டுகரிச்சான் என்று பெயர். டீச்சருக்கு அந்தப் பெயரில் அக்கறை கிடையாது. "கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, காலையிலயே வாய் ஓயாத பேச்சு. வக்கீல்னு கூப்பிடாம வேற என்னன்னு கூப்பிடுறது?"

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது டீச்சரின் தொழில். ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாக வண்டி கிடையாது. பஸ்ஸில்தான் வருகிறார், பஸ்ஸில்தான் போகிறார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் வேண்டும். வளைவு வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, அந்தப் பழக்கம். வீட்டில் டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால்கூடக் கால் அழுந்தும் என்று அவருடைய கணவர் சொல்கிறார். ஜன்னல் பக்கத்துக் கை, முழங்கையிலிருந்து விரல் வரை, இன்னொரு கையைவிட நன்றாகக் கறுத்திருக்கும். "ரெண்டு பேரோட கையை ஒட்டவெச்ச மாதிரி இருக்குல்ல?" என்று அவரே இரண்டையும் சேர்த்து நீட்டிக் காட்டுவார்.

நான் அவரிடம் கற்றுக்கொண்டவன். ஸ்டீயரிங் முன்னால் இருந்ததைவிடப் பின்சீட்டில் என் முறைக்காகக் காத்திருந்ததுதான் அதிகம். அதனால் அவரை நன்றாகப் பார்க்க முடிந்தது. அவர் திட்டமாட்டார். கிளட்ச்சைப் படக்கென்று விட்டு வண்டியைத் துள்ளவிட்டால், "தூங்குற குழந்தையோட தலைக்கு அடியில உங்க கை இருக்கு. அதை உருவுற மாதிரி எடுங்க" என்பார். வேகம் கூடினால், "எங்க போகணும்னு வண்டிக்குத் தெரியாது. நீங்கதான் அதுகிட்ட மரியாதையா சொல்லணும்" என்பார். நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்ததும் என்னை "ரைட்டர் சார்" ஆக்கிவிட்டார். "ரைட்டர் சார், அது கமா இல்ல, முற்றுப்புள்ளி. நின்னு போங்க" என்று ஒரு சந்திப்பில் சொன்னார்.

பயிற்சி மைதானம் அவருடைய அண்ணனுக்குச் சொந்தம். டிரைவிங் ஸ்கூலும் அண்ணனுடையதுதான். அழுந்திய மண்தரை; ஒரு பக்கம் ஈரம் காயாத வாய்க்கால், அதை ஒட்டி அடர்ந்த புதர்வேலி; மூலையில் வாதுமை மரம், அதன் நிழலில் பாதி இடிந்த குட்டிச்சுவர் ஒன்று. அந்தச் சுவரின் முன்னால்தான் ரிவர்ஸ் பழக்குவார். "சுவரு எதுக்குன்னு கேக்காதீங்க. பின்னாடி ஒண்ணு இருந்தாத்தான் பின்னாடி பாக்கணும்னு தோணும்" என்பது அவர் விளக்கம்.

வெயில் உறைக்கத் தொடங்கிய ஒரு பருவத்தில் வக்கீல் கண்ணாடியோடு வழக்கைத் தொடங்கினார். காலையில் வந்து பார்த்தால் பக்கக் கண்ணாடி முழுக்க எச்சமும் கீறலுமாக இருக்கும். பறவை அழகு பார்க்கிறது என்று டீச்சர் முதலில் நினைத்தாராம். "எங்க வீட்டுக்காரர் லிஃப்ட்ல தலை சீவுற மாதிரி" என்றார். ஒரு நாள் கண்ணாடியின் ஓரத்தில் இரத்தம் ஒரு கோடாகக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். அன்று எங்களை உட்காரவைத்துவிட்டு, காருக்கு எதிரே ஒரு பழைய டயர் மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் கண்ணாடியின் விளிம்பில் இறங்கினார். உள்ளே பார்த்தார். மார்பை உப்பி, வாலை விசிறியாக விரித்தார். உள்ளே இருந்தவரும் அப்படியே செய்தார். பாய்ந்து கொத்தினார், அவரும் கொத்தினார். கொஞ்சம் ஓய்ந்ததும் கண்ணாடியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார், எதிராளி அங்கே ஒளிந்திருக்கிறாரா என்று. அந்த இடத்தில் டீச்சர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், "பாவம், ஜெயிக்கவே முடியாத கேஸு" என்றார்.

மறுநாளிலிருந்து அவருக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டினார், காற்று கிழித்தது. பிளாஸ்டிக் பையைக் கட்டினார். அது படபடத்ததில் வக்கீலோடு சேர்ந்து நாங்களும் பயந்தோம். கடைசியில் சாக்ஸ் நிலைத்தது. கணவர் ஒரு ஓட்டலில் வரவேற்பில் நிற்கிறவர். "அவரு சாக்ஸை ஒத்தை ஒத்தையா தொலைப்பாரு. மிச்சம் நிக்கிற ஒத்தைக்கெல்லாம் இப்பதான் வாழ்வு வந்துச்சு." ரோட்டுக்குப் போகும்போது சாக்ஸ் கழற்றப்படும். மைதானத்துக்குள் நுழைந்ததும் மாட்டப்படும்.

கண்ணாடி மறைந்த பிறகு வக்கீலின் மற்ற பழக்கங்கள் தெரியத் தொடங்கின. விடியும்போதும் பொழுது சாயும்போதும் விளக்குக் கம்பத்தின் உச்சியில் பாட்டு. நடுப்பகலில் தரையில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கல். ஒவ்வொரு தத்தலுக்கும் வால் ஒருமுறை ஏறி இறங்கும். மற்ற பறவைகளின் குரலையும் எடுத்துத் தன் பாட்டில் செருகிக்கொள்வார். எங்கள் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது போடும் ஒலியையும் அவர் கற்றுக்கொண்டுவிட்டார் என்று டீச்சர் அடித்துச் சொல்கிறார். நானும் பலமுறை காது கொடுத்துக் கேட்டேன். சில நாள் அப்படித்தான் இருந்தது, சில நாள் இல்லை.

மைதானத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொரு பறவையும் திரிந்தது. அது வேறு ஜாதி என்றே டீச்சர் எண்ணியிருந்தார். அது வாயில் வேர்த்துணுக்குகளோடு குட்டிச்சுவருக்குள் நுழைவதைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுவரில் ஒரு செங்கல் விழுந்த பொந்து இருந்தது. உள்ளே கூடு. "வக்கீலம்மா" என்று உடனே பெயர் வைத்துவிட்டார். கூட்டைக் கட்டியதும் முட்டை மேல் உட்கார்ந்ததும் வக்கீலம்மாதான். வக்கீல் கம்பத்தில் பாடிக்கொண்டு, அந்தப் பக்கம் வரும் காக்கையையும் அணிலையும் விரட்டினார். "வீட்டு வேலை ஒண்ணும் கிடையாது. ஆனா வாசல்ல நின்னுக்கிட்டு ஊரையே மிரட்டத் தெரியுது" என்று டீச்சர் சொன்னபோது, காரில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். யார் யாரை நினைத்துச் சிரித்தார்களோ.

இந்த இடத்தில் டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல் டாக்டர். கை அசாத்திய நிதானம். ஆனால் ரிவர்ஸ் என்றால் அந்தக் குட்டிச்சுவரை இடிக்காமல் அவரால் நிற்க முடியாது. தேர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோற்றவர். நாளெல்லாம் நோயாளிகளின் வாய்க்குள் குனிந்து கழுத்து இறுகிப்போனவர், திரும்பிப் பார்க்கமாட்டார். கண்ணாடியை நம்பி வருவார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டொக்' என்று கேட்கும். பம்பரின் அந்த இடம் பள்ளமாகி, துருவும் ஏறிவிட்டது. "என் வாழ்க்கைதான் குட்டிச்சுவராச்சுன்னா, இதுவும் என்னைய விடமாட்டேங்குது" என்பார் டாக்டர்.

கூடு தெரிந்த அன்றே டீச்சர் அவரிடம், "டாக்டர், கொஞ்ச நாளைக்கு உங்களுக்கு ரிவர்ஸ் கிடையாது" என்றார்.

டாக்டருக்கு முகம் தொங்கிவிட்டது. "அடுத்த டெஸ்ட் வருதே டீச்சர். ரிவர்ஸ்லதான நான் ஃபெயிலாப் போறேன்."

"அந்தப் பக்கம் போய் பழகுவோம்."

"அந்தப் பக்கம் உங்க அண்ணன் செங்கல் அடுக்கி வெச்சிருக்காரு."

உண்மைதான். மைதானத்தின் மறுபாதியில் அண்ணன் செங்கல்லும் மணலும் கொண்டுவந்து குவித்திருந்தார். எதற்கென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் தயங்கிவிட்டு, டாக்டரைச் சுவரருகே அழைத்துப்போய்ப் பொந்தைக் காட்டினார். ஆழத்தில் இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. சில வாரம் கழித்து, பொந்துக்குள்ளிருந்து கீச்சொலி கேட்கத் தொடங்கியதும், டாக்டர் சட்டைப்பையில், நீளக் காம்பில் சின்ன வட்டக் கண்ணாடி பொருத்திய கருவியைச் செருகிக்கொண்டு வந்தார். கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் கண்ணாடி. வக்கீலம்மா வெளியே போன சமயம் பார்த்து அதை உள்ளே நுழைத்து, ஃபோன் வெளிச்சத்தைக் காட்டினார். இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள், அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு.

"இவ்வளவு ஒழுங்கா வாயைத் திறக்கிற பேஷண்ட் எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல" என்றார் டாக்டர்.

அவர் கண்ணாடியை வெளியே எடுத்ததுதான் தாமதம், வக்கீல் எங்கிருந்தோ பாய்ந்து அதைக் கொத்தினார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுவிட்டுக் கார் வரை ஓடினார். டீச்சர் அதைப் பொறுக்கிக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்து, "தன்னோட இடத்துல இன்னொருத்தன் நிக்கிறான்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அதன் பிறகு டாக்டர் ரிவர்ஸ் கேட்கவில்லை. வந்ததும் முதலில், "பேஷண்ட்டெல்லாம் எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்பார்.

செங்கல்லுக்கான காரணத்தை அண்ணனே ஒரு மாலை வந்து சொன்னார். பருமனான மனிதர், வழுக்கைத் தலை. தங்கையை இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். மைதானத்தில் ஒரு பகுதியை எடுத்து, கார் கழுவும் வாட்டர் சர்வீஸ் தொடங்கப் போகிறார். தண்ணீர்த் தொட்டிக்கு மரத்தடி நிழல்தான் தோது. "அந்தக் குட்டிச்சுவரைத் தட்டிட்டா இடம் கிடைச்சிடும். வர்ற வாரம் ஆள் வராங்க."

டீச்சர் காரின் பானெட்டைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி வெக்கலாமா?"

"எதை?"

"சுவரை இடிக்கிறதை. உள்ள குஞ்சு இருக்கு. பறந்து போயிடும், ரொம்ப நாளாகாது."

அண்ணன் நம்பாமல் சுவரருகே போனார். பொந்துக்குள் ஃபோன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தார். அடுத்த கணம் தலையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். வழுக்கையின் நடுவில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. நாங்கள் சிரிப்பை அடக்க வேறு பக்கம் பார்த்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

"ஒரு குருவிக்காகவா பாப்பா லாரிக்காரனைத் திருப்பி அனுப்பச் சொல்ற?"

"குருவிக்காகன்னு யாரு சொன்னா? எனக்காகத்தான் கேக்குறேன்."

அண்ணன் அவரைக் கொஞ்சம் வித்தியாசமாகப் பார்த்தார். இத்தனை வருடம் அந்த மைதானத்தில் வெயிலில் காய்ந்த தங்கை. கார் ஏசி வேலை செய்யாதபோதும், சம்பளம் தள்ளிப்போனபோதும் வாய் திறக்காதவர். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார். அவர் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அது டீச்சருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் டீச்சர் சீக்கிரமாகவே மைதானத்துக்கு வந்துவிடுவார். குஞ்சுகளின் சத்தம் காருக்குள் இருந்தே கேட்கும் அளவுக்குப் பெருத்துவிட்டது. வக்கீலும் இப்போது வீட்டு வேலையில் இறங்கியிருந்தார். பாட்டைக் குறைத்துக்கொண்டு, வாய் நிறையப் புழுவோடு ஓடியாடினார். "திருந்திட்டாரு" என்று டீச்சர் சான்றிதழ் கொடுத்தார். இன்னொரு பக்கம் டாக்டரின் தேர்வு நெருங்கியது. வேறு வழியில்லாமல் ஒரு நாள் டீச்சர், "சரி டாக்டர். சுவருக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்திடணும். கண்ணாடியில சாக்ஸ் இருக்கும். கழுத்தைத் திருப்பிப் பாத்துத்தான் எடுக்கணும், வேற வழியே கிடையாது" என்றார்.

டாக்டர் கழுத்தைத் திருப்பினார். எலும்பு முறியும் சத்தம் எனக்குப் பின்சீட்டில் கேட்டது.

"ரைட்டர் சார், நீங்க சாஞ்சுக்கங்க. உங்க தலை மறைக்குது."

நான் சாய்ந்து படுக்காத குறைதான். வண்டி ஊர்ந்தது. பின்கண்ணாடி வழியே டாக்டரின் கண்கள் என் தலைக்கு மேலாக எங்கோ நிலைத்திருந்தன. சுவர் இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தபோது வண்டி நின்றது. துள்ளவில்லை, குலுங்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் டீச்சர்.

"பின்னாடி யாரோ நிக்கிறாங்க."

டீச்சர் கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கினார். காருக்கும் சுவருக்கும் நடுவே, வெறும் தரையில் ஒரு குஞ்சு. மார்பில் பழுப்புத் திட்டுகள், வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு நுனி மட்டும். எங்களைப் பார்த்துவிட்டு, வக்கீல் குடும்பத்துக்கே உரிய தோரணையில் அந்த இல்லாத வாலைத் தூக்கியது. பிறகு தத்தித் தத்திக் காருக்கு அடியில் புகுந்துகொண்டது. மற்ற குஞ்சுகள் ஏற்கெனவே புதரில் இருந்தன. அங்கிருந்து சத்தம் வந்தது. இது மட்டும் வழி தவறிவிட்டது.

"எல்லாரும் இறங்குங்க. கதவைச் சாத்தாதீங்க" என்றார் டீச்சர்.

டாக்டர் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தான் நிறுத்திய இடத்தைத் தானே வியந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதத் தேர்வில் அவர் தேறியதற்கு அந்தக் கழுத்துதான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறார். வக்கீலம்மா வாயில் பச்சைப் புழுவோடு சுவர்மேல் வந்து உட்கார்ந்து, காரையே பார்த்தது. இறங்குவதா வேண்டாமா என்று அதற்கு யோசனை.

அப்போதுதான் கேட் வழியாக லாரி நுழைந்தது. முன்சீட்டில் அண்ணன். பின்னால் கடப்பாரையோடு ஆட்கள். டிரைவர் ஹாரனை அழுத்தி, எங்கள் காரை நகர்த்தச் சொல்லிக் கையை ஆட்டினார். வக்கீலம்மா மரத்துக்குப் பறந்துவிட்டது.

டீச்சர் ஓடவில்லை. நேராக நடந்து போய், லாரியின் படியில் ஏறி, ஜன்னல் வழியே டிரைவரின் மடிக்கு மேலாகக் கையை நீட்டிச் சாவியைத் திருகினார். இஞ்சின் ஒருமுறை உதறி அடங்கியது. திடீரென்று வந்த அமைதியில் வாய்க்கால் தண்ணீரின் ஓசைகூடக் கேட்டது.

"அண்ணா, இறங்கி வாங்க. சத்தம் போடாம."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். டீச்சர் அவரைக் காரிலிருந்து தள்ளி நிறுத்தி, தரையோடு குனியச் சொன்னார். அந்தப் பருத்த உடம்பு முழங்காலிட்டு, உள்ளங்கைகளை ஊன்றி, காருக்கு அடியில் பார்த்தது. நாங்களும் குனிந்தோம். கடப்பாரைக்காரர்கள் லாரியின் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். வக்கீலம்மா இறங்கி வந்தது. முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், குஞ்சின் வாயில் புழுவைத் திணித்தது. கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டது. குஞ்சு ஒரு தத்து தத்தி யோசித்தது. இன்னொரு தத்து. கம்பத்தின் மேலிருந்து வக்கீல் யாரையோ வைதுகொண்டிருந்தார்.

"இதோட அப்பன்தான் என் மண்டையில கொத்துனவனா?" என்று அண்ணன் கிசுகிசுத்தார்.

"அவருதான்."

குஞ்சு காரின் நிழலிலிருந்து வெளியே வந்து, வெயிலைக் கடந்து, புதருக்குள் நுழையும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்த பிறகு அண்ணன் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மறுகோடியில் கிடந்த தன் செங்கல்லைப் பார்த்தார்.

"குஞ்சுதான் வெளிய வந்துடுச்சே. இன்னும் சுவரு எதுக்கு?"

"திரும்பவும் முட்டை வெக்குமாம். டாக்டர் ஃபோன்ல தேடிப் பாத்தாரு."

டாக்டர் வேகமாகத் தலையாட்டினார். கழுத்து வலித்து நிறுத்தினார்.

அண்ணன் பெருமூச்சு விட்டார். "சரி பாப்பா. தொட்டியை அந்தக் கோடியிலயே போட்டுக்கலாம். நிழலுக்குத் தகரம் போட்டாப் போகுது."

லாரி திரும்ப அங்கே இடமில்லை. வந்த வழியே பின்னால்தான் போக வேண்டும். டிரைவர் இஞ்சினைக் கிளப்பி, வழி சொல்ல ஆள் கேட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஆட்களில் ஒருவர் "வா, வா, வா" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார். டீச்சர் அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, தானே போய் லாரிக்குப் பின்னால், புதர்ப் பக்கமாக நின்றுகொண்டார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வெயிலில் கறுத்த அந்தக் கையை உயர்த்தி, உள்ளங்கையைத் தன் பக்கமாக மெல்ல மெல்ல மடக்கி, அவ்வளவு பெரிய வண்டியை ஓசையில்லாமல் வெளியே வரவழைத்தார்.